தகப்பனின் பள்ளியில் தளராதிருப்போம்

தியானத்திற்குரிய வேதபகுதி: எபிரெயர் 12:1-13

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாரே,



சபை ஊழியத்திற்கு வந்த நாள்முதல் இந்நாள்வரை, வீடு சந்திப்புகளில் நான் மிகுதியாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, நான் என்ன பாவம் செய்தேன்? ஆண்டவர் ஏன் என்னை இப்படித் தண்டிக்கிறார்?" மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவர் இதைக் கேட்கிறார். வாங்கிய கடனைத் திருப்பமுடியாமல் இரவெல்லாம் விழித்திருக்கும் குடும்பத் தலைவர் கேட்கிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கேட்கிறாள். கேட்கிறவர்களில் பலர் வாரந்தவறாமல் ஆலயத்திற்கு வருகிறவர்கள், வேதத்தை ஆண்டுக்கொருமுறை வாசித்து முடிக்கிறவர்கள். அவர்களுடைய உள்ளத்தில் இந்தக் கேள்வியை எழுப்புவதும் பெரும்பாலும் ஒரு வேதவசனமே. தேவன் தாம் நேசிக்கிறவர்களைச் சிட்சிக்கிறார் என்னும் அந்த வார்த்தை ஆறுதலுக்காக எழுதப்பட்டது. ஆனால் அவர்களுடைய காதில் அது குற்றச்சாட்டாக ஒலிக்கிறது.

ஆகவே இந்த வாரம் அந்த வார்த்தை நிற்கும் பகுதியை அவசரமின்றித் தியானிப்போம். வேதம் சிட்சை என்று சொல்லும்போது எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெளிவானால், துன்பத்தின் நடுவிலும் நம் ஓட்டத்தைத் தொடர நமக்குப் பெலன் கிடைக்கும்.

இந்த வார்த்தை யாருக்கு எழுதப்பட்டது?

எபிரெயர் நிருபத்தை முதலாவது பெற்றவர்கள் யார்? 10-ஆம் அதிகாரத்தின் 32 முதல் 34 வரையுள்ள வசனங்கள் அவர்களுடைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுகின்றன. விசுவாசத்திற்குள் வந்த ஆரம்ப நாட்களிலேயே ஊரார் முன்னிலையில் அவமானப்பட்டவர்கள் அவர்கள். சிறையிலிருந்த சகோதரருக்காகப் பரிதபித்தவர்கள். தங்கள் சொத்துகள் சூறையாடப்பட்டபோதும், அழியாத ஆஸ்தி தங்களுக்கு உண்டென்று அறிந்து சந்தோஷமாய்ப் பொறுத்துக்கொண்டவர்கள். ஆனால் காலம் நீண்டது, உபத்திரவம் ஓயவில்லை. அவர்களில் சிலர் சபை கூடிவருதலை விட்டுவிடத் தொடங்கியிருந்தார்கள் (10:25). கைகள் சோர்ந்துவிட்டன, முழங்கால்கள் தள்ளாடுகின்றன.

அவர்களுக்குத்தான் ஆக்கியோன் சிட்சையைக் குறித்து எழுதுகிறார். நன்றாய்க் கவனியுங்கள். அவர்கள் அனுபவித்த துன்பம், செய்த பாவத்தினால் வந்ததல்ல. கிறிஸ்துவை விட்டுவிலக மறுத்ததினால் வந்தது. அவர்களை அவமானப்படுத்தியவர்களும் கொள்ளையிட்டவர்களும் விரோதிகள். ஆயினும் விரோதிகளின் கையால் வந்த அந்தத் துன்பத்தைக்கூடப் பரலோகப் பிதா தம் பிள்ளைகளின் பயிற்சிக்காகப் பயன்படுத்துகிறார் என்கிறார் ஆக்கியோன். அவர்களைப் பார்த்து, "நீங்கள் எந்தப் பாவம் செய்தீர்கள் என்று தேடுங்கள்" என்று அவர் சொல்லவில்லை. "நீங்கள் யாருடைய பிள்ளைகள் என்பதை மறந்துவிட்டீர்கள்" என்றே சொல்லுகிறார். நீதிமொழிகள் 3:11, 12 வசனங்களை அவர் நினைப்பூட்டுவதும் இதற்காகவே. அங்கே பேசுகிறவர் நீதிபதி அல்லர். "என் மகனே" என்று அழைக்கிற தகப்பன்.

இதற்கெல்லாம் மேலான சான்று ஒன்று இந்த நிருபத்திலேயே உண்டு. இயேசு குமாரனாயிருந்தும், தாம் பட்ட பாடுகளினால் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று 5:8 சொல்லுகிறது. பாவமே அறியாத குமாரன் துன்பத்தின் பள்ளியில் அமர்ந்தார் என்றால், அந்தப் பள்ளியில் இருப்பதே குற்றவாளி என்பதற்கு அடையாளமாகுமா?

சிட்சை என்னும் சொல்

எபிரெயர் 12-இல் சிட்சை என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கும் கிரேக்கச் சொல் 'பைதேயா'. பிள்ளை என்று பொருள்படும் 'பைஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒரு பிள்ளையை மனிதனாக வளர்த்தெடுக்கும் முழுப் பயிற்சியையும் அது குறிக்கும். கற்பித்தல், திருத்துதல், கண்டித்தல், பழக்குதல், காத்திருத்தல் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கும்.

இந்தச் சொற்குடும்பம் புதிய ஏற்பாட்டில் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். மோசே எகிப்தியரின் சாஸ்திரங்களில் கற்பிக்கப்பட்டான் என்னும் இடத்தில் (அப்போஸ்தலர் 7:22) இது வருகிறது. பவுல் கமாலியேலின் பாதத்தருகே பயின்றதைச் சொல்லும்போதும் (22:3) இதே சொல்தான். பிள்ளைகளைக் கர்த்தருக்கேற்ற முறையில் வளர்க்கும்படி தகப்பன்மாருக்குக் கட்டளையிடும் எபேசியர் 6:4-இலும், வேதவாக்கியங்களின் பிரயோஜனத்தைச் சொல்லும் 2 தீமோத்தேயு 3:16-இலும் இது உண்டு. தீத்து 2:11, 12 வசனங்களிலோ தேவனுடைய கிருபையே நமக்குப் பாடம் சொல்லும் ஆசிரியராக நிற்கிறது. அங்கேயும் இச்சொல்லே!

அதேவேளையில் ஒன்றை மறைக்கக்கூடாது. இயேசுவைத் தண்டித்து விடுதலையாக்குவேன் என்று பிலாத்து சொன்னபோதும் (லூக்கா 23:16) லூக்கா இச்சொல்லையே எழுதியிருக்கிறார். பிரம்பின் வலியும் இதன் பொருளுக்குள் இருக்கிறது. சிட்சை வலிக்கும். அது வலிக்காதென்று வேதம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அது தற்காலத்தில் சந்தோஷமாயிராமல் துக்கமாகவே காணப்படும் என்று 11-ஆம் வசனம் ஒளிவுமறைவின்றி ஒத்துக்கொள்ளுகிறது. துக்கத்தின் நடுவிலிருப்பவரிடம் "சிரித்துக்கொண்டே துதியுங்கள்" என்று கட்டாயப்படுத்துகிறவர்கள் இந்த வசனத்தைச் சற்று நின்று வாசிக்கவேண்டும்.

அப்படியானால் பாவத்தினிமித்தம் வரும் சிட்சை இல்லையா? உண்டு. தாவீது அதை அறிந்திருந்தான். கொரிந்து சபையும் அதை அறிந்தது. அங்கேயும் பவுல் சொல்லுவது என்ன? நாம் உலகத்தோடே ஆக்கினைத்தீர்ப்படையாதபடிக்கே சிட்சிக்கப்படுகிறோம் என்கிறார் (1 கொரிந்தியர் 11:32). ஆக்கினைத்தீர்ப்பு வேறு, சிட்சை வேறு. ஆக்கினைத்தீர்ப்பு கடந்ததற்குக் கணக்குத் தீர்க்கிறது. சிட்சை வருவதற்கு நம்மை ஆயத்தப்படுத்துகிறது. நம் கணக்கு கல்வாரியில் தீர்க்கப்பட்டாயிற்று. அதே கடனை மறுபடியும் நம் உடம்பிலிருந்தும் நம் பிள்ளைகளிடமிருந்தும் வசூலிக்கிற தேவன் அல்ல நம்முடைய தேவன்.

எதைச் சிட்சை என்று சொல்லக்கூடாது?

இந்த இடத்தில் ஒரு மேய்ப்பனாக நான் தெளிவாகப் பேசவேண்டியது ஒன்று உண்டு. பிறருடைய துன்பத்தைப் பார்த்து, "இது இன்ன பாவத்திற்கான சிட்சை" என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை. சீலோவாமிலே கோபுரம் விழுந்து மாண்ட 18 பேர், எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று ஆண்டவரே பதில் சொன்னார் (லூக்கா 13:4, 5). பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோதும், இரண்டு தெரிவுகளையும் அவர் ஒதுக்கித் தள்ளினார் (யோவான் 9:3). யோபுவின் நண்பர்கள் அவனோடுகூட ஏழு நாள் மவுனமாய்த் தரையில் உட்கார்ந்திருந்தவரையில் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கர்த்தருடைய கோபத்திற்கு ஆளானார்கள்.

இன்னொன்று. மனிதன் மனிதனுக்குச் செய்யும் கொடுமைக்குச் சிட்சை என்று பெயரிட்டு, அதைச் சகித்துக்கொண்டே இரு என்று ஆலோசனை சொல்வது இந்த வேதபகுதிக்கு விரோதமானது. மனைவியை அடிக்கிற கணவன் தேவனுடைய பிரம்பல்ல. அப்படிப்பட்ட வீட்டில் தவிக்கும் சகோதரியிடம், "பொறுமையாயிரு, ஆண்டவர் உன்னைப் புடமிடுகிறார்" என்று சொல்லி அனுப்பிவிடுவது ஆறுதல் ஆகாது. அவளுக்குப் பாதுகாப்பான இடமும் துணைநிற்கிற சபையும் தேவை. பிள்ளைகளைக் கோபத்தில் அடிக்கிற பெற்றோரும் இந்த வசனத்தைக் கேடயமாகப் பிடிக்கவேண்டாம். பூமிக்குரிய தகப்பன்மார் தங்களுக்கு நலமென்று தோன்றினபடி சிட்சித்தார்கள் என்றுதான் 10-ஆம் வசனம் சொல்லுகிறது. அவர்களுக்குத் தோன்றியதெல்லாம் சரியென்று சொல்லவில்லை. பரமபிதாவோ நம்முடைய பிரயோஜனத்துக்காகவே சிட்சிக்கிறார். அந்த வேறுபாட்டின்மேல்தான் ஆக்கியோனின் வாதம் முழுவதும் நிற்கிறது.

பாளையும் அரிவாளும்

நான் பிறந்து வளர்ந்தது தேரிக்காட்டுப் பக்கம், செம்மணலும் பனையுமான ஊர். பனையேறுகிற தொழிலாளர்கள் எங்கள் உறவினர்களாகவும் அயலகத்தாராகவும் இருந்தார்கள். அவர்களுடைய தொழிலை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த வேதபகுதி சற்று எளிதாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

பனை தானாகப் பதநீர் தருவதில்லை. பாளை வெளிவந்த பிறகு பனையேறி அதைக் கடிப்பினால் மெல்ல மெல்ல நசுக்கிப் பதப்படுத்துவார். பல நாட்கள் இது நடக்கும். அளவுக்கு மிஞ்சி நசுக்கினால் பாளை கெட்டுப்போகும். போதாமல் நசுக்கினால் பதநீர் ஊறாது. பிறகு பாளையின் நுனியைச் சீவத் தொடங்குவார். ஒரே நாளில் சீவி முடிக்கிற வேலையல்ல அது. காலையும் மாலையும் மரமேறி, நன்றாகத் தீட்டிய அரிவாளால் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுப்பார். ஆழமாக வெட்டினால் பருவம் முடியுமுன்னே பாளை தீர்ந்துவிடும். பாவமென்று எண்ணிச் சில நாள் சீவாமல் விட்டாலோ வெட்டுவாய் காய்ந்து, ஊற்று அடைத்துக்கொள்ளும். அரிவாள் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு நல்லது. மழுங்கிய அரிவாள்தான் பாளையைக் கிழிக்கும்.

சிறுவயதில் எங்கள் வீட்டுக்கு அடுத்திருந்த பனையேறி ஒருவரை நாங்கள் தாத்தா என்று அழைப்போம். அவருடைய நெஞ்சிலும் கைகளிலும் பாதங்களிலும் தோல் காய்ப்பேறி மரப்பட்டைபோல் இருக்கும். ஒவ்வொரு நாளும் பல மரங்களை மார்போடு அணைத்து ஏறி இறங்கியதால் உண்டான தழும்புகள் அவை. பாளையைச் சீவுகிற கை, மரத்தின் கீழே நின்றுகொண்டு தூரத்திலிருந்து சீவவில்லை. தன் உயிரைப் பணயம்வைத்து மரத்தின் உச்சிக்கு ஏறி வந்து, அதைத் தழுவிக்கொண்டு சீவியது. பிற்காலத்தில் இறையியல் கல்லூரியில் எபிரெயர் நிருபத்தைக் கிரேக்கத்தில் வாசித்தபோது என் நினைவுக்கு வந்தது அந்தத் தாத்தாவின் நெஞ்சுதான். நம்மைச் சிட்சிக்கிறவர் தழும்புகள் உள்ளவர். தம் கைகளிலும் விலாவிலும் காயப்பட்டவர். நாம் அறியாத வலி எதையும் அறிந்தவர். தாம் அறியாத வலி எதற்குள்ளும் அவர் நம்மை அனுப்புகிறதில்லை.

எந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. பனை தரும் பதநீர் பனையேறியின் பிழைப்புக்கு உதவுகிறது. மரத்துக்கு அதனால் லாபம் ஒன்றுமில்லை. நம் பிதாவுக்கோ நம்மிடமிருந்து பெறவேண்டிய குறைவு எதுவுமில்லை. நாம் அவருடைய பரிசுத்தத்தில் பங்குபெறவேண்டும் என்பதே அவர் நாடுகிற பலன். லாபம் முழுவதும் நமக்கே.

இரண்டு பள்ளங்கள்

சிட்சையின் பாதையில் இரண்டு பக்கமும் பள்ளம் உண்டு என்று 5-ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஒன்று அதை அற்பமாக எண்ணுவது. மற்றொன்று அதினால் சோர்ந்துபோவது.

அற்பமாக எண்ணுகிறவர் துன்பத்தைக் கடந்துபோகிறார். ஆனால் அதிலிருந்து எதையும் பெற்றுக்கொள்ளுகிறதில்லை. "எல்லாருக்கும் வருவதுதானே" என்கிறார். காய்ச்சல் தணிந்தவுடன் வைத்தியரை மறந்துவிடுகிறவரைப்போல, நெருக்கம் நீங்கியவுடன் நெருக்கத்தில் செய்த ஜெபத்தை மறந்துவிடுகிறார். மனவுறுதி மிக்க நல்ல மனிதர்களும் இந்தப் பள்ளத்தில் விழுவதுண்டு. அவர்கள் கலங்குவதில்லை, முறுமுறுப்பதில்லை. அதேசமயம் தேவனிடத்தில் எதையும் கேட்பதுமில்லை.

சோர்ந்துபோகிறவர் மறுபக்கம் விழுகிறார். துன்பத்தில் தேவனுடைய முகத்தையே காணாமல் அவருடைய கையின் பாரத்தை மட்டும் உணருகிறார். முதலில் ஜெபம் குறைகிறது. பிறகு ஆலயத்திற்கு வருவது குறைகிறது. ஒருநாள், "ஆண்டவருக்கு என்னைப் பிடிக்கவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். அந்த முடிவு பொய் என்று சொல்லவே ஆக்கியோன் இந்தப் பகுதியை எழுதினார். கவனிக்கப்படாத பிள்ளைக்குத்தான் சிட்சை இல்லை என்கிறது 8-ஆம் வசனம். பாதையில் போகிற யாரோ ஒருவருடைய பிள்ளையை நாம் உட்காரவைத்து எழுத்துப் பயிற்றுவிப்பதில்லை; நம் வீட்டுப் பிள்ளையைத்தான் பயிற்றுவிக்கிறோம்.

இந்த இரண்டு பள்ளங்களுக்கும் நடுவே உள்ள பாதைக்கு வேதம் தரும் பெயர் பொறுமை. கிரேக்கத்தில் 'ஹூப்பொமொனே', அதாவது பாரத்தின் கீழே ஓடிவிடாமல் நிலைத்திருத்தல். முதல் வசனத்தில் நாம் ஓடவேண்டிய ஓட்டத்திற்கும், இரண்டாம் வசனத்தில் கிறிஸ்து சிலுவையைச் சகித்ததற்கும், ஏழாம் வசனத்தில் நாம் சிட்சையைச் சகிப்பதற்கும் இந்த ஒரே சொற்குடும்பம் வருகிறது. நம்முடைய பொறுமை நாமே உண்டாக்கிக்கொள்ளும் ஒன்றல்ல. அவர் சிலுவையில் நிலைத்திருந்தார். அவரை நோக்கிப் பார்க்கிறபடியால் நாமும் நிலைத்திருக்கிறோம்.

பேச்சற்ற பதினொரு மாதங்கள்

சபையில் பழையவர்கள் அறிந்த ஒரு காரியத்தைப் புதியவர்களுக்காகச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் கழுத்தில் இருந்த தைராய்டுக் கட்டிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி நீங்கியது, ஆனால் குரல் போயிற்று. தைராய்டுச் சுரப்பியை ஒட்டியே குரல்நாண்களுக்குச் செல்லும் மெல்லிய நரம்பு ஓடுகிறது. அது பலவீனமடைந்துவிட்டது, திரும்பலாம், ஓராண்டுகூட ஆகலாம் என்றார் மருத்துவர். வாரந்தோறும் பிரசங்கபீடத்தில் நின்றவன், காற்றுக் கலந்த ஒரு கரகரப்பைத் தவிர வேறு சத்தம் இல்லாதவனாக முன்வரிசையில் உட்கார்ந்தேன். மூப்பர்களும் அண்டைச் சபை ஊழியர்களும் பிரசங்கித்தார்கள்.

அந்நாட்களில் ஒருவர் என்னைச் சந்தித்து, "ஆண்டவர் உங்கள் வாயை ஏன் அடைத்தார் என்று ஆராய்ந்து பாருங்கள்" என்று ஆலோசனை சொன்னார். என்னை ஆராய்ந்து அறிந்துகொள்ளும் என்று தேவனிடம் கேட்பது நல்ல ஜெபம். 139-ஆம் சங்கீதம் அதைக் கற்றுத்தருகிறது. நானும் கேட்டேன். ஆனால் அந்த ஜெபத்திற்கு எனக்குக் கிடைத்த பதில் குற்றப்பட்டியல் அல்ல. நான் எதிர்பாராத ஒரு பாடம்.

பேச முடியாவிட்டாலும் வீடு சந்திப்பை நிறுத்தக்கூடாது என்று தீர்மானித்து, ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தோடு போய்வந்தேன். ஒருநாள் விதவைத் தாய் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். வளைகுடா நாட்டிற்கு வேலைக்குப் போன அவருடைய மகன் அங்கேயே இறந்துபோய், உடல் வந்துசேர நாளான குடும்பம் அது. முன்பு அந்த வீட்டுக்குப் போனபோதெல்லாம் ஒரு சங்கீதம் வாசித்து, நாலு வார்த்தை ஆறுதல் சொல்லி, ஜெபித்துவிட்டு வருவது வழக்கம். அன்று சொல்ல என்னிடம் குரல் இல்லை. சற்றுநேரம் மவுனம். பிறகு அந்தத் தாய் பேசத் தொடங்கினார். மகனுக்குப் பிடித்த குழம்பு, அவன் கடைசியாகத் தொலைபேசியில் கேட்ட கேள்வி, வந்துசேர்ந்த பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த சட்டை என்று ஒருமணி நேரத்திற்கும் மேலாகப் பேசினார். முடிவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை நாளும் எல்லாரும் வந்து எனக்குச் சொல்லிட்டுப் போனாங்க ஐயா. இன்னைக்குத்தான் நான் சொன்னேன்" என்றார்.

அந்தப் பதினொரு மாதங்களில் நான் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. ஆனால் இந்தச் சபையின் துக்கத்தை நான் முழுமையாகக் கேட்டது அந்த மாதங்களில்தான். குரல் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பியது. கீர்த்தனையின் மேல்ஸ்தாயிக்கு இன்னும் அது ஏறுவதில்லை, நீங்களே அறிவீர்கள். அறுவை சிகிச்சையில் நேர்ந்ததை நன்மையென்று நான் சொல்லமாட்டேன். நரம்பு பலவீனப்பட்டது நன்மையல்ல. அதைத் தம் கையில் எடுத்து, எனக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்த தகப்பன் நல்லவர் என்றே சொல்லுகிறேன்.

பலன் எப்பொழுது?

எனக்குக் குரல் திரும்பியது. எல்லாருக்கும் எல்லாம் திரும்புவதில்லை. பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டான். முள் நீங்கவில்லை, கிருபை வந்தது. ஆகவே சிட்சையின் பலனைக் குணமடைவதோடும் கடன் தீருவதோடும் மட்டும் இணைத்துப் பார்க்கக்கூடாது.

நம் பகுதியார் நன்கறிந்த எமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். 1895-இல் இந்தியாவுக்கு வந்து, டோனாவூரில் ஆபத்திலிருந்த குழந்தைகளுக்குத் தாயானவர். 1931 அக்டோபரில் எதிர்பாராமல் ஒரு குழிக்குள் விழுந்து காயமடைந்தார். ஓடியாடி உழைத்த அந்தப் பாதங்கள் அதன்பின் பழையபடி நடமாடவில்லை. 1951 ஜனவரியில் ஆண்டவரண்டை சேரும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் அறைக்குள்ளும் படுக்கையிலுமே கழிந்தன. சுகத்திற்காக அநேகர் ஜெபித்தார்கள்; பழைய சுகம் திரும்பவில்லை. ஆனால் அந்தப் படுக்கையிலிருந்து புத்தகங்கள் பிறந்தன. அவற்றுள் ஒன்று, நோயாளி ஒருவர் மற்ற நோயாளிகளுக்கு எழுதியது. நலமாயிருக்கிறவர்கள் எழுத முடியாத ஆறுதல் அதில் இருந்தது.

11-ஆம் வசனம் பலன் வரும் என்கிறது; ஆனால் பிற்காலத்தில் வரும் என்கிறது; பழகினவர்களுக்கே வரும் என்றும் சொல்லுகிறது. பழகுதல் என்ற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் விளையாட்டு வீரர்களின் பயிற்சியைக் குறிப்பது. ஜிம்னேசியம் என்று நாம் சொல்லுகிற சொல்லுக்கும் அதுவே வேர். முதல்நாள் பயிற்சியில் எந்த வீரனும் பலனைக் காண்பதில்லை, உடல்வலியைத்தான் காண்கிறான். மறுநாளும் வருகிறவனுக்கே பயிற்சி பலிக்கிறது. துன்பம் எல்லாரையும் தானாகவே பரிசுத்தமாக்கிவிடாது. அதே துன்பத்தில் கசந்துபோனவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். கசந்துபோகிறவருக்கும் கனிகிறவருக்கும் உள்ள வேறுபாடு துன்பத்தின் அளவில் இல்லை. அந்தத் துன்பத்தோடு யாரிடம் போகிறார்கள் என்பதில் இருக்கிறது. முறையிட்டுக்கொண்டாவது தேவனிடமே போங்கள். சங்கீதங்களில் எத்தனையோ முறையிடுதல்கள் உண்டு. அவை வேதத்தில் சேர்க்கப்பட்டிருப்பதே, முறையிடுகிற பிள்ளையைத் தகப்பன் வெளியே தள்ளுகிறதில்லை என்பதற்குச் சாட்சி.

முடமானவர் பிசகிப்போகாதபடிக்கு

12, 13 வசனங்களைப் பலர் வாசிக்காமல் கடந்துவிடுகிறார்கள். சிட்சையைக் குறித்த போதனை அங்கேதான் வந்து நிறைவடைகிறது. தொங்கிப்போன கைகளைத் தூக்குங்கள், தள்ளாடும் முழங்கால்களுக்குப் பெலனூட்டுங்கள், முடமானவருடைய கால் சுளுக்கிக்கொள்ளாமல் குணமாகும்படி பாதையைச் சமப்படுத்துங்கள் என்கிறார் ஆக்கியோன். இது தனியொருவருக்குச் சொன்னதல்ல, சபைக்குச் சொன்னது. ஓட்டம் என்று தொடங்கிய அதிகாரம், நொண்டி நடக்கிறவருக்காகப் பாதையைச் சீர்ப்படுத்துகிற வேலையில் வந்து நிற்கிறது. இந்த ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவருக்குப் பரிசு என்ற பேச்சு இல்லை. எல்லாரும் வந்துசேரவேண்டும் என்பதே நோக்கம்.

நம் சபையில் ஒரு சகோதரி புற்றுநோய் சிகிச்சையின் நடுவில் ஆலயத்திற்கு வருவதை நிறுத்திவிட்டார். நோயின் பலவீனம் காரணம் என்றே எல்லாரும் நினைத்தோம். உண்மைக் காரணம் வேறு. தம்மைப் பார்க்க வந்தவர்கள் கேட்ட கேள்விகள் அவரைக் குத்திவிட்டன. தலைமயிர் உதிர்ந்த நிலையில் மறுபடியும் அந்தக் கண்களைச் சந்திக்க அவருக்கு மனமில்லை. பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த இருவர் இதை அறிந்தார்கள். அவர்கள் எந்த உபதேசமும் செய்யவில்லை. சிகிச்சைக்குப் போகும் நாட்களில் முறைவைத்துக் கஞ்சி கொண்டுபோனார்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவந்தார்கள். சில மாதங்களுக்குப்பின் ஓர் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை தொடங்கியபிறகு மூவரும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். சகோதரியின் தலையில் முக்காடு இருந்தது. அவருக்கு இருபுறமும் இருந்தவர்களும் அன்று முக்காடிட்டு வந்திருந்தார்கள். பாதையைச் செவ்வைப்படுத்துதல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கவுரையை நான் எந்த நூலகத்திலும் வாசித்ததில்லை.

பிரியமானவர்களே, இந்த வாரத்திற்கு மூன்று காரியங்களை உங்களிடம் விட்டுச்செல்லுகிறேன்.

முதலாவது, நீங்கள் இப்பொழுது துன்பத்தில் இருந்தால், "எந்தப் பாவத்திற்காக?" என்ற கேள்வியோடு மட்டும் நின்றுவிடாதிருங்கள். ஆவியானவர் ஒரு பாவத்தை உணர்த்தினால் தாமதமின்றி அறிக்கையிடுங்கள், மன்னிப்பு நிச்சயம். ஆவியானவர் உணர்த்தாத ஒன்றை நீங்களே தோண்டியெடுத்து உங்களை வாட்டிக்கொள்ளவேண்டாம். "தகப்பனே, இதில் எனக்கு எதைக் கற்றுத்தருகிறீர்?" என்று கேளுங்கள். பதில் இன்றைக்கே வராவிட்டாலும் கேட்டுக்கொண்டிருங்கள்.

இரண்டாவது, துன்பப்படுகிற ஒருவரை இந்த வாரத்தில் சந்தியுங்கள். காரணம் சொல்லாதிருங்கள். சாட்சி சொல்லவும் அவசரப்படாதிருங்கள். போய் உட்காருங்கள், அவர்கள் பேசினால் கேளுங்கள்.

மூன்றாவது, சோர்ந்துபோய்ச் சபை கூடிவருதலை விட்டுவிட்ட ஒருவரின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு நாள்தோறும் ஜெபியுங்கள். பிறகு அந்த ஜெபத்திற்கு உங்கள் கால்களையும் கொடுங்கள்.

ஜெபம்

எங்கள் பரமபிதாவே, எங்களைப் பிள்ளைகள் என்று அழைக்கிற உம்முடைய அன்புக்காக ஸ்தோத்திரம். வலியின் நடுவில் உம்முடைய முகத்தைக் காணாமல் தவிக்கிறவர்களுக்கு உம்மை வெளிப்படுத்தியருளும். உம்முடைய கையை அற்பமாக எண்ணாமலும், அதின் கீழே சோர்ந்துபோகாமலும் எங்களைக் காத்துக்கொள்ளும். காரணம் தெரியாத துன்பங்களில் உம்மைத் தெரிந்திருப்பதே எங்களுக்குப் போதுமானதாக இருப்பதாக. எங்கள் நடுவில் நொண்டி நடக்கிறவர்களுக்கு நாங்கள் இடறலாயிராமல் ஊன்றுகோலாயிருக்கச் செய்யும். சிலுவையைச் சகித்து எங்களுக்கு முன்னே ஓடிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

ஆண்டவருடைய சமாதானம் உங்களோடும் உங்கள் குடும்பத்தாரோடும் இருப்பதாக. அடுத்த வாரம் மீண்டும் தியானத்தில் சந்திப்போம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபைக்குரு